பட்ஜெட் அன்னிக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை

மாநகராட்சி பட்ஜெட்டைப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். பதிலோடயே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்குங்க.

பல வருஷத்துக்கு முன்னாடி வேறொரு ஊரில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மழைக்காலம் முடிந்த நேரம். ஒரே தெருவிலிருந்து ரெண்டு வாரத்துக்குள் ஆறேழு பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "தண்ணி விட்ட ஒடனே ஒரு பத்து நிமிஷம் நாறும் டாக்டரய்யா. அதைக் கீழ விட்டுட்டு அப்புறமாத்தான் கொடத்துல பிடிப்போம்."

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் முழு வியாதியும் இருக்கிறது.

நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரு வேளை விடுகிறார்கள், நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். குழாயில் எங்காவது விரிசல் இருந்து, பக்கத்திலேயே சாக்கடையும் ஓடினால், வெளியே தேங்கிய அழுக்கை வெற்றுக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான். நாற்றம் போனபின் பிடிக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். அதே பிள்ளைகளில் மூன்று பேர் மறுமாதம் திரும்பி வந்தார்கள்.

வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். மழுப்பவே இல்லை. "குழாய் ரொம்பப் பழசு டாக்டர் சார். மாத்தணும்னு எனக்கும் தெரியும். ஆனா பட்ஜெட் போன வாரம்தான் பாஸ் ஆச்சு. நீங்க ஒரு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா எஸ்டிமேட்ல சேர்க்கச் சொல்லியிருப்பேன். இனிமே அடுத்த வருஷம்தான் பார்க்கணும்."

மூணு மாசம் முன்னாடி. அதுவரைக்கும் உள்ளாட்சி பட்ஜெட் என்றால் மார்ச் மாதம் பேப்பரில் வரும் ஒரு போட்டோ என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் புத்தகத்தைக் கொடுப்பார், இன்னொருவர் வாங்குவார், சுற்றி நிற்பவர்கள் கேமராவைப் பார்ப்பார்கள். அந்தப் போட்டோ எடுக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, நம்ம திருச்சிக்கு வருவோம். இங்கே 65 வார்டு. 2011 கணக்குப்படியே 9 லட்சத்துக்கு மேல் ஜனம். ஒரு வார்டுக்கு ஏறக்குறைய 14 ஆயிரம் பேர். பட்ஜெட் எப்படி உருவாகிறது?

நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. அதற்கு நாலஞ்சு மாதம் முன்பே ஒவ்வொரு பிரிவும் தன் செலவை எழுத ஆரம்பிக்கும். பொறியியல், சுகாதாரம், குடிநீர், தெருவிளக்கு, நகரமைப்பு என்று தனித்தனியாக. மண்டல அளவில் உதவிப் பொறியாளர்கள் எந்த ரோடு, எந்த வாய்க்கால், எந்த குழாய் என்று பட்டியல் போடுவார்கள். அது ஆணையர் மேசைக்குப் போகும். கணக்குப் பிரிவு வருமானத்தோடு ஒட்டிப் பார்த்துக் கத்தரிக்கும். பிறகு வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழு. அதன் பிறகு பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பாரதிதாசன் சாலை மைய அலுவலகத்தில் மாமன்றச் சிறப்புக் கூட்டம். குழுத் தலைவர் புத்தகத்தை மேயரிடம் கொடுப்பார், உரை வாசிப்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், சிலர் எழுந்து தங்கள் வார்டைப் பற்றிப் பேசுவார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்புச் செய்தாலும் செய்வார்கள். தீர்மானம் நிறைவேறும்.

கவனிச்சீங்களா? நமக்குத் தெரிவது கடைசிக் காட்சி மட்டும்தான். உங்கள் தெருக் குழாய் பட்டியலில் ஏறியதும், இல்லை கத்தரியில் விழுந்ததும், டிசம்பரிலோ ஜனவரியிலோ ஏதோ ஒரு அறையில் நடந்து முடிந்திருக்கும். மார்ச்சில் மாமன்றத்தில் ஒரு உறுப்பினர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏற்கெனவே அச்சான புத்தகத்தில் ஒரு வரி மாறுவது அபூர்வம். பேச்சு அவைக்குறிப்பில் ஏறும். பட்ஜெட்டில் ஏறாது.

இன்னொன்றும் தெரிஞ்சு வைச்சுக்குங்க. மாநகராட்சியின் பணம் ஒரே பானையில் இல்லை, மூன்று பானையில் இருக்கிறது. வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று. குடிநீர் மற்றும் வடிகால் நிதி ஒன்று. ஆரம்பக் கல்வி நிதி ஒன்று. உங்கள் சொத்து வரியிலேயே பொதுவுக்கு இவ்வளவு, குடிநீர் வடிகாலுக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு. கூடவே நூலக வரி. (நூலக வரி கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. கட்டுகிறோம்ங்க. போய் புத்தகம் எடுங்க.)

இது ஏன் முக்கியம்? "புது ரோடு போடக் காசு இருக்கு, பைப் மாத்தக் காசு இல்லையா?" என்று நாம் டீக்கடையில் கேட்கிறோம். ரோடு வேற பானை, பைப் வேற பானை. குடிநீர் நிதியில்தான் குடிநீர்க் கட்டணமும் பாதாள சாக்கடைக் கட்டணமும் வந்து சேர்கிறது. பம்பு ஓட்டும் கரண்ட் பில், வாங்கிய கடனுக்குத் தவணை, பராமரிப்பு எல்லாம் அங்கிருந்துதான் போகிறது. அதெல்லாம் போனபின் பழைய குழாயை மாற்ற மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் உங்கள் பிள்ளையின் வயிற்றைத் தீர்மானிக்கிற எண். பட்ஜெட் உரையில் அதைத் தேடிப் பாருங்க. பூங்காவும் அலங்கார வளைவும் இருக்கும் அளவுக்கு அது இருக்காது.

இப்போது நான் கற்றுக்கொண்ட ஒரு சின்ன வித்தை. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பல பத்திகள் இருக்கும். முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. எல்லாரும் கடைசிப் பத்தியைப் பார்த்துத்தான் தலைப்புச் செய்தி போடுகிறார்கள். நீங்கள் திருத்திய மதிப்பீட்டைப் பாருங்கள். போன மார்ச்சில் கொசு ஒழிப்புக்கு 10 ரூபாய் என்று அறிவித்து, இப்போது திருத்தியதில் 4 ரூபாய் என்று இருந்தால், அறிவித்தது நடக்கவில்லை என்று அர்த்தம். (எண்கள் உதாரணத்துக்குத்தான்.) கடைசிப் பத்தி வாக்குறுதி. திருத்திய பத்தி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. நோயாளி "நான் சர்க்கரையே தொடுறதில்லை டாக்டர்"னு சொல்வார். ரிப்போர்ட் வேற சொல்லும்.

எல்லாப் பழியையும் மாமன்றத்தின் தலையில் போடவும் முடியாது. அவர்கள் கையில் இருப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது ஞாபகம் இருக்கும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம். கவுன்சிலர்களைத்தான் எல்லாரும் திட்டினோம். அவர்கள் பதவியேற்று அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விகிதத்தை முடிவு செய்தது மாநில அரசு. அதற்குப் பின்னால் 15வது நிதிக்குழு. சொத்து வரியை ஒழுங்குபடுத்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று அது நிபந்தனை போட்டிருந்தது. மாமன்றம் செய்தது தீர்மானம் போட்டது. இதே மாதிரிதான் பெரிய திட்டங்களும். பாதாள சாக்கடை, ஸ்மார்ட் சிட்டி, பஞ்சப்பூர் பேருந்து முனையம் எல்லாவற்றிலும் பணம் எங்கிருந்தோ, எதற்கென்று முத்திரை குத்தப்பட்டு வருகிறது. அதை எடுத்து உங்கள் தெருவுக்குச் செலவு பண்ண மேயராலும் முடியாது.

ஆனாலும் மாமன்றம் இருப்பதும் இல்லாததும் ஒன்றா? இல்லைங்க. அதை நாம் அனுபவித்தே பார்த்திருக்கிறோம்.

2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய மாமன்றத்தின் காலமும் அந்த மாதமே முடிந்தது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. அஞ்சு வருஷத்துக்கு மேல் திருச்சிக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. பட்ஜெட்டைத் தயாரிப்பவரும் அதிகாரி, அதை நிறைவேற்றுபவரும் அதிகாரி. பேஷண்ட்டும் நானே, டாக்டரும் நானே என்கிற கதை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. அதாவது குரலும் போச்சு, காசும் போச்சு.

இப்போதைய மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. அதன் அஞ்சு வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். போன முறை என்ன நடந்தது என்பதை மேலே சொல்லிட்டேன்.

இப்போ கொஞ்சம் பழைய கதை. திருச்சிக்காரங்க பெருமைப்படலாம்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து திருச்சியில் தொழில் பார்த்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் பேரைக் கேட்டிருப்பீங்க. 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பியது இவர் வீட்டிலிருந்துதான். 1937ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது பொதுச் சுகாதார அமைச்சர் ஆனார். அந்த ஆட்சிக் காலத்தில் வந்ததுதான் 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. டெங்குக் கொசு வளர்த்தால் அபராதம் போடுவது, கெட்டுப்போன தண்ணீர் விநியோகத்தை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 127. நகராட்சி மன்றங்கள் அரசு மானியம் நீங்கலாகத் தங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது.

முப்பது சதவீதம். ஊசி மருந்துக்கு மட்டுமில்லை, ஊரின் ஆரோக்கியத்துக்கு. ஒரு டாக்டர் அமைச்சராக இருந்தபோது, பட்ஜெட் புத்தகத்துக்குள்ளேயே கை வைத்தால்தான் காலராவைத் தடுக்க முடியும் என்று புரிந்து எழுதியிருக்கிறார்கள். எது பொதுச் சுகாதாரச் செலவு, துப்புரவுப் பணியாளர் சம்பளம் சேருமா, குப்பை லாரி டீசல் சேருமா என்று வாதம் செய்யலாம். செய்யட்டும். என் ஆசை இதுதான்: திருச்சி மாநகராட்சி பட்ஜெட்டின் முதல் பக்கத்தில், சொந்த வருமானத்தில் இத்தனை சதவீதம் பொதுச் சுகாதாரத்துக்கு என்று ஒரே ஒரு வரி அச்சடிக்கட்டும். ராஜன் பிறந்த ஊரில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

"பொதுமக்கள் பட்ஜெட் போட்டால் குழப்பம்தான் வரும் சார்" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. ஆனால் மறுபாதிக்கு ஆதாரம் இருக்கிறது.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரத்தில் 1989ல் ஆரம்பித்தார்கள். பகுதி பகுதியாக மக்கள் கூடி, நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் எதற்கு முன்னுரிமை என்று சொன்னார்கள். பிறகு நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அது பரவியது. 1990 முதல் 2004 வரையிலான பிரேசில் நகராட்சிகளின் கணக்கை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2014ல் வெளியானது. மக்கள் பங்கெடுத்த ஊர்களில் பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கும் கழிவுநீருக்கும் போன பங்கு கூடியது. குழந்தைகள் இறப்பு குறைந்தது. திரும்பப் படிங்க. தடுப்பூசி ஆராய்ச்சி இல்லை இது. பட்ஜெட் போடும் முறையைப் பற்றிய ஆராய்ச்சி.

ஏன் குறைந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அலங்கார வளைவு அதிகாரிக்குத் தெரியும். பத்து நிமிஷ நாற்றம் அந்தப் பாட்டிக்குத்தான் தெரியும்.

பிரேசில் வரைக்கும் போக வேண்டாம் என்றால் பக்கத்தில் கேரளா. 1996ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடமே கொடுத்தார்கள். புனே மாநகராட்சி 2006லிருந்து மக்களிடம் படிவம் கொடுத்து வார்டு வேலைகளைக் கேட்டு வாங்குகிறது. அங்கும் குறை உண்டு. பெஞ்ச், நடைபாதை மாதிரி சின்னச் சின்ன வேலைகளிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனாலும் கேட்கும் தேதி ஒன்று எல்லாருக்கும் தெரியும். நமக்கு அதுவும் தெரியாது.

நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

2022ல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் உறுப்பினர். நீங்களும்தான். முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. அன்றைக்கு முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபையில் உட்கார்ந்தார். வார்டுக்குக் கவுன்சிலர் தலைமையில் ஒரு குழு. தண்ணீர், துப்புரவு, விளக்கு எதில் குறை, எந்த வேலை முதலில் என்று சொல்வது இவர்கள் வேலை.

நடைமுறையில் என்ன ஆகிறது? போன கூட்டத்துக்கு நான் போகவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நீங்களும் போயிருக்க மாட்டீங்க. போனவர்கள் தெருநாய், தெருவிளக்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் தெருவிளக்குப் புகாருக்கு ஆண்டு முழுக்க வழி உண்டு. குழாய் மாற்றுவது, வடிகாலுக்கு மூடி போடுவது, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தெருக் கடைசியில் சோதிப்பது, இதெல்லாம் எஸ்டிமேட்டில் ஏறினால்தான் நடக்கும். அதற்கு டிசம்பருக்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

அதிகாரிகள் தரப்பில் ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். சம்பளம், ஓய்வூதியம், கடன், கரண்ட் பில் எல்லாம் போனால் கையில் நிற்பதே கொஞ்சம், அதைக் கேட்க ஏன் இத்தனை கூட்டம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் கொஞ்சமாக இருப்பதைத்தான் கேட்டுச் செலவு செய்யணும். வீட்டில் மாசக் கடைசியில் நாம் அப்படித்தானே செய்கிறோம்?

இன்னொரு பதிலும் வரும்: முதலில் ஜனங்கள் வரியைக் கட்டட்டும். இதற்கு நான் கைதட்டுகிறேன். மாடி மேல் மாடி கட்டிவிட்டுப் பழைய அளவுக்கே வரி கட்டும் கனவான்கள் பாதாள சாக்கடை நிரம்பினால் முதல் ஆளாக வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். நம்ம டாக்டர்மாரும் இதில் சேர்த்திதான்.

2025 ஏப்ரலில் உறையூரில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உயிர்கள் போனதை நாம் பேப்பரில் படித்தோம். குடிநீரில் சாக்கடை கலந்ததென்று அப்பகுதி மக்கள் சொன்னார்கள். குடிநீர் காரணமில்லை என்று மாநகராட்சித் தரப்பு சொன்னது. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெரு வாரியாக வாராவாரம் குளோரின் அளவு எடுத்து வார்டு அலுவலக வாசலில் ஒட்டியிருந்தால் அன்றைக்கு இந்தச் சண்டைக்கே இடம் இருந்திருக்காது. குழாய்க் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சோதிக்கும் கிட் பெரிய விலை இல்லை. ஆள், கிட், பதிவேடு மூன்றுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போதும்.

தென்னூர்க்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. உழவர் சந்தைக்கு வாரம் ரெண்டு தடவை போறோம். கத்திரிக்காய் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடினால் கடைக்காரர்கிட்ட கணக்குக் கேட்கிறோம். அடுத்த பகுதி சபைக்கு நான் போகிறேன். கையில் போன பட்ஜெட் புத்தகமும் என் சொத்து வரி ரசீதும் இருக்கும். கேட்கப் போவது மூணே விஷயம்: வரும் ஆண்டு மதிப்பீட்டில் நம்ம வார்டுக்கு என்னென்ன வேலை எழுதியிருக்கீங்க, மாமன்றத்துக்குப் போகும் முன் ஒரு மாதம் அந்தப் பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டுவீங்களா, போன வருஷம் எழுதியதில் எது நடக்கலை?

கவுன்சிலரைத் திட்டப் போகலை. அவரும் அந்த அறைக்குள்ளே தனியாப் போய் வாதாடுறவர்தான். பின்னால் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் அவருக்கும் அது பலம்.

கூட்டத் தேதி தெரிந்ததும் இதே த்ரெட்டின் கீழே போடுறேன். வரும்போது சொத்து வரி ரசீதைக் கையோட கொண்டு வாங்க. வாடகை வீட்டில் இருக்கிறவங்களும் வாங்க, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.